குழந்தைக்கு ரிமோட் ஸ்டண்ட் கார் வாங்குவது எப்படி: தரையில் தொடங்கி பேட்டரி வரை

ரிமோட் ஸ்டண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் முகப்புப் படத்தில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை குட்டிக்கரணம் போடும், விளக்கு எரியுமா, பாட்டு வருமா என்று கேட்பார்கள். பேட்டரி பற்றிய கேள்வி மறுநாள் காலையில், கார் நின்றுபோன பிறகு வரும். நான் சொல்லும் வரிசை இதற்கு நேரெதிர்: தரை, குழந்தையின் வயது, காரின் வகை, முத்திரை, அலைவரிசை, பேட்டரி, சக்கரம். வித்தைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தரையும் பேட்டரியும் சரியாக இல்லாத காரில் அந்த வித்தைகள் எப்படியும் வராது.

கடைக்குப் போகும்போது மூன்று பொருள்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிமோட்டுக்குப் போடும் டபுள் ஏ செல் இரண்டு, டிரிபிள் ஏ செல் இரண்டு, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று. பல பெட்டிகளில் ரிமோட் செல் இருக்காது. செல் போடும் மூடியைக் குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத் திருகாணி போட்டு மூடியிருப்பார்கள். இவை கையில் இருந்தால், "செல் இல்லைங்க, வீட்ல போய் பாத்துக்கோங்க" என்று கடைக்காரர் தட்டிக்கழிக்க வழியில்லை.

1. முதலில் வீட்டுத் தரையைப் பாருங்கள்

சாதாரண ரிமோட் காரில் முன் சக்கரங்கள் வளைந்து திரும்பும். பெரும்பாலான ஸ்டண்ட் கார்களில் அப்படி இல்லை. இடப்பக்கத்துக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் சுழன்றால், புல்டோசர் திரும்புவதுபோல கார் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆக ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரங்கள் தரையில் வழுக்கித் தேய்ந்தாக வேண்டும்.

குட்டிக்கரணத்துக்கு இதற்கு எதிரான குணம் தேவை. முழு வேகத்தில் போகும் காரைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கும்போது சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்தால்தான் உடம்பு தூக்கிப் புரளும். கவ்வாவிட்டால் கார் வழுக்கிக்கொண்டே போய் நிற்கும். வீடியோவில் புரண்ட கார் வீட்டில் புரளவில்லை என்ற புகாரைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் வழவழப்பான டைல்ஸும் கெட்டி பிளாஸ்டிக் சக்கரமும்தான் காரணமாக இருக்கும்.

டைல்ஸ் தரை என்றால் சக்கரத்தில் மென்மையான ரப்பர் இருந்தே ஆக வேண்டும். மொசைக்கிலும் சிமெண்ட் தரையிலும் எந்தச் சக்கரமும் ஓரளவு சமாளிக்கும். மொட்டை மாடி என்றால் பெரிய சக்கரமும், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும். மணல் முற்றம் மட்டும்தான் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நுண்மணல் பல்சக்கரத்துக்குள் போனால் அதை எடுப்பது பெரிய வேலை. தடித்த கம்பளத்தில் சக்கரம் மாட்டி மோட்டார் திணறும்.

அளவும் தரையைப் பொறுத்ததே. அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஒரு சாண் நீளக் கார் போதும். அதைவிடப் பெரியது புரளும்போது டிவி ஸ்டாண்டும் கண்ணாடிக் கதவும்தான் அடிவாங்கும்.

2. வயதும் விரலும்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாங்கவே வேண்டாம். பெட்டியில் 0-3 என்று எழுதி, குழந்தை முகத்தின் குறுக்கே கோடு போட்ட சின்னம் இருக்கும். கழன்று வரக்கூடிய சின்னப் பாகங்கள் தொண்டையில் சிக்கும் என்பதற்கான எச்சரிக்கை அது. "நம்ம புள்ள வாயில வைக்க மாட்டான்" என்று அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

மூன்று, நான்கு வயதில் ரிமோட் எளிமையாக இருக்க வேண்டும். முன், பின், இடம், வலம் என்று நான்கு பட்டன் போதும். இரண்டு நெம்புகோல் வைத்த ரிமோட்டில் இடது கட்டைவிரல் இடப்பக்கச் சக்கரங்களையும், வலது கட்டைவிரல் வலப்பக்கச் சக்கரங்களையும் ஓட்டும். நேராகப் போகவே இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். இது ஐந்து, ஆறு வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைவரும். வந்துவிட்டால் நம்மைவிட வேகமாக ஓட்டுவார்கள், அது வேறு விஷயம்.

கடையில் ரிமோட்டைக் குழந்தையிடமே கொடுத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்தபடியே கட்டைவிரல்கள் நெம்புகோலின் உச்சி வரை எட்டுகின்றனவா? ரிமோட்டை மடியிலோ தரையிலோ வைத்து அழுத்தினால் அது அந்தக் கைக்குப் பெரியது.

பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தால் அதைச் சின்னப் பிள்ளைக்கு எடுக்க வேண்டாம். அவை பெரும்பாலும் பொழுதுபோக்கு ஆர்வலர்களுக்கான வேகக் கார்கள். கணுக்காலில் இடித்தால் வலி நன்றாகவே தெரியும்.

3. எந்த வகை ஸ்டண்ட்

முதல் கார் என்றால் நான் சொல்வது இருபக்க கார்தான். மேலே கீழே என்ற பேதமில்லாமல், உடம்பைவிடப் பெரிய நான்கு சக்கரங்களோடு வரும். எப்படி விழுந்தாலும் ஓடும். சாதாரண கார் கவிழ்ந்தால் பெரியவர்கள் யாராவது எழுந்து போய் நிமிர்த்த வேண்டும். நாம் சமையலறையில் இருக்கும்போது பிள்ளைகள் பத்து முறை கூப்பிடுவார்கள். இருபக்க காரில் அந்தத் தொல்லை இல்லை.

சக்கரங்கள் கைபோல மடங்கி விரியும் காரும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் மடங்கும் மூட்டில்தான் முதலில் விரிசல் விடும். ஆறு, ஏழு வயதுக்கு மேல், காரைக் கீழே போடாத பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

சுவரில் ஏறும் கார், அடியில் இருக்கும் காற்றாடியால் காற்றை உறிஞ்சிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு வழவழப்பான, தூசி இல்லாத சுவர் வேண்டும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் கை வைத்தால் பொடி ஒட்டுகிறதா? அப்படியானால் அங்கே இந்தக் கார் நிற்காது. அந்தப் பொடி காற்றாடிக்குள்ளும் போய் அடைக்கும். எடை கூடாமல் இருக்க இதில் குட்டி பேட்டரிதான் வைத்திருப்பார்கள், அதனால் ஓட்டம் சில நிமிடங்களே.

கைக்கடிகாரம் போலக் கட்டிக்கொண்டு கையை அசைத்து ஓட்டும் வகை, விருந்தாளிகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும். கையை ஆடாமல் வைத்திருக்கச் சின்னப் பிள்ளைகளால் முடியாது, எனவே கார் தானாக ஓடும். சாதாரண ரிமோட்டும் கூடவே வந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தக் கடிகாரத்தில் வட்டமான பட்டன் செல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருப்பது கட்டாயம். குழந்தை விழுங்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பின்னால் புகை போல நீராவி விடும் காரை நான் பரிந்துரைப்பதில்லை. மின்சுற்றுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி, அதை நிரப்புவது ஐந்து வயதுக் கை.

4. பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடும் பொம்மைகளுக்கான தரநிலை எண் ஐஎஸ் 15644. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உற்பத்தியாளர் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? பேட்டரி சூடாவது, கூரான விளிம்பு, பெயிண்டில் ஈயம் எல்லாம் கண்ணால் பார்த்துத் தெரியாதவை. உரிம எண் இல்லாமல் வெறும் முத்திரைப் படம் மட்டும் அச்சிட்ட பெட்டிகளும் சந்தையில் வருகின்றன. எண் இல்லை என்றால் முத்திரை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5. அலைவரிசை

பெட்டியில் 27 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். 27 வகையில் ஒரே மாதிரி இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் ஒருவர் ரிமோட்டுக்கு மற்றவர் காரும் ஆடும். அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொன்று வாங்கும் வீட்டில் சண்டைக்கு இதுவே போதும். 2.4 வகையில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோடு மட்டும் இணையும். விலை வித்தியாசம் இப்போது பெரிதாக இல்லை என்பதால் 2.4 எடுங்கள்.

6. பேட்டரி: இங்கேதான் நிதானம் தேவை

காரின் பேட்டரி மூன்று வகையில் வரும். சாதாரண செல் போடுவது, நிக்கல் காட்மியம், லித்தியம் அயான்.

சாதாரண செல்லில் ஓடும் கார் வாங்கும்போது மலிவு. ஸ்டண்ட் கார் செல்லை வேகமாகக் குடிக்கும் என்பதால் சில வாரங்களில் செல் செலவு கார் விலையைத் தொட்டுவிடும். நிக்கல் காட்மியத்தில் ஒரு செல் 1.2 வோல்ட். அதனால் 3.6 அல்லது 4.8 வோல்ட் என்று போட்டு, பல செல்களை ஒட்டிச் சுருட்டிய கட்டாக வரும். அதோடு வரும் சார்ஜர் பல நேரம் நிரம்பியதும் தானாக நிற்காது. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் கெட்டுப்போனதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. லித்தியம் 3.7 அல்லது 7.4 வோல்ட். எடை குறைவு, இழுவை அதிகம். குட்டிக்கரணத்துக்கு இதுதான் சரி.

அடுத்து கொள்ளளவு. பேட்டரி மேல் 500, 1200 என்று மில்லி ஆம்பியர் மணியில் எழுதியிருக்கும். கார் சராசரியாக ஒன்றரை ஆம்பியர், அதாவது 1500 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 500 பேட்டரி ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 20 நிமிடம் வரும். பெட்டியில் போடுவது பெரும்பாலும் சமதளத்தில் ஓட்டிய கணக்கு. ஒவ்வொரு முறை புரளும்போதும், சட்டென்று திசை மாறும்போதும் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே எழுதியிருப்பதில் பாதியை எதிர்பாருங்கள்.

இரண்டு கார்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். வோல்ட்டோடு பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் உள்ளே இருக்கும் ஆற்றல் வாட் மணியில் தெரியும். 3.7 வோல்ட், 1200 என்றால் 4.4 வாட் மணி. 7.4 வோல்ட், 500 என்றால் 3.7 வாட் மணி. எண்ணில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ஆற்றலில் அவ்வளவு இடைவெளி இல்லை.

டபுள் ஏ செல் அளவே இருக்கும் லித்தியம் செல்லில் 3000 என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்த அளவில் உண்மையான செல் 1000ஐத் தாண்டுவதே அரிது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதுக்கு ஸ்பேர் பேட்டரி கிடைக்குமா?" கழற்றி மாட்டும் பேட்டரியும் பொதுவான இணைப்பு பிளக்கும் இருந்தால், சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் மாற்று வாங்கிவிடலாம். காரோடு சேர்த்து ஒட்டிய பேட்டரி என்றால் பேட்டரியின் ஆயுள்தான் காரின் ஆயுள். மாற்று பேட்டரி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பிளக் ஒரே மாதிரி இருந்தும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருப்பதுண்டு. அப்படியே செருகினால் காரின் சர்க்யூட் போய்விடும்.

7. சக்கரமும் உடம்பும்

நகத்தால் சக்கரத்தை அழுத்துங்கள். அமுங்கி மீண்டால் நல்லது. ரப்பர் பட்டை விளிம்பிலிருந்து கழன்று வருகிறதா என்று பக்கவாட்டில் இழுத்தும் பாருங்கள். இருபக்க காரில் சக்கரம் உடம்பைத் தாண்டி மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் விழும் அடியைச் சக்கரம் வாங்கிக்கொள்ளும். பாட்டு வரும் காரென்றால் பாட்டை நிறுத்த தனி பட்டன் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். இது குழந்தைக்காக அல்ல, உங்களுக்காக.

8. கடையில் ஓட்டிப் பார்க்கும் வரிசை

கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புது பேட்டரியில் பெரும்பாலும் கொஞ்சம் சார்ஜ் இருக்கும், சோதிக்க அது போதும்.

முதலில் காரைக் கையில் தூக்கிப் பிடித்து ஓட விடுங்கள். நான்கு சக்கரமும் சுற்ற வேண்டும். கரகரவென்ற சத்தம் வந்தால் பல்சக்கரம் சரியாகப் பொருந்தவில்லை. இதைத் தரையில் விடுவதற்கு முன்பே செய்யக் காரணம், ஓடும் சத்தத்தில் இந்தக் கரகரப்பு கேட்காது.

பிறகு தரையில் நேராக ஓட்டுங்கள். லேசாக ஒரு பக்கம் ஒதுங்கினால் பரவாயில்லை, இரண்டு மோட்டாரும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. வட்டமே போட்டால் வேறு பீஸ் கேளுங்கள். அடுத்து இரண்டு பக்கமும் சுற்ற விட்டு, கடைசியில் பத்து அடி தள்ளி நின்று ரிமோட்டை இயக்கிப் பாருங்கள். பாரிமுனை மாதிரி நெரிசலான கடைத்தெருவில் இவ்வளவுக்கும் இடம் கிடைக்காது. தூக்கிப் பிடித்து ஓட்டும் சோதனையையாவது விடாதீர்கள். பில்லில் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை போனில் வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும்போது பேச்சு மிச்சம்.

9. பரிசாகக் கொடுப்பதற்கு முந்தின நாள்

பிறந்தநாள் அன்று பெட்டியைப் பிரித்த பிறகு சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் அழுகைதான். யூஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும். முந்தின நாள் சாயங்காலமே பெட்டியைக் கவனமாகத் திறந்து முழு சார்ஜ் போட்டு, ரிமோட்டில் செல் போட்டு, ஒரு தரம் ஓட்டிப் பார்த்து மறுபடி மூடிவிடுங்கள். வண்ணத்தாள் சுற்றுவது அதற்குப் பிறகு.

10. முதல் ஓட்டம்

2.4 வகையில் காரையும் ரிமோட்டையும் இணைக்க வேண்டும். எதை முதலில் ஆன் செய்வது என்பது காருக்குக் கார் மாறும், உள்ளே இருக்கும் தாளில் பாருங்கள். சிலவற்றில் ஆன் செய்த பிறகு நெம்புகோலை ஒரு முறை மேலும் கீழும் தள்ளினால்தான் இணையும். விளக்கு மினுமினுத்துக்கொண்டே இருந்தால் இணையவில்லை என்று பொருள். இது தெரியாமல் "கார் செத்துப்போச்சு" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. இரண்டு கார் இருந்தால் ஒன்றை இணைத்து முடித்த பிறகே அடுத்ததை ஆன் செய்யுங்கள்.

குழந்தைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இருபக்க கார் புரண்டு மறுபக்கமாக விழுந்தால், முன்னே போகும் நெம்புகோலைத் தள்ளும்போது காரின் வால் பக்கம் முன்னால் போகும். சக்கரம் சுற்றும் திசை மாறவில்லை, கார்தான் தலைகீழாக இருக்கிறது. பெரியவர்களே இதைப் பழுது என்று நினைக்கிறார்கள். முதல் நாள் மெதுவாக நேராக ஓட்டுவது, பிறகு சுற்றுவது, அதன்பின் குட்டிக்கரணம் என்று போனால் கை தானாகப் பழகிவிடும்.

தெருவிலும், கைப்பிடிச்சுவர் தாழ்ந்த மாடியிலும் ஓட்ட விடாதீர்கள். ஓட்டும் பிள்ளை காரைப் பார்த்தபடியே பின்னால் நடக்கும்.

11. சார்ஜ் போடும் முறை

ஓடி முடித்த பேட்டரி சூடாக இருக்கும். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். சூட்டோடு சூடாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் குறையும்.

பெட்டியில் வந்த ஒயரை மட்டும் பயன்படுத்துங்கள். அதில் இருக்கும் விளக்கு குழப்பும். சிலவற்றில் சார்ஜ் ஏறும்போது எரிந்து நிரம்பியதும் அணையும், வேறு சிலவற்றில் நிரம்பிய பிறகுதான் எரியும். முதல் முறை தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஒயரிலேயே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள். நிக்கல் காட்மியம் என்றால் போனில் அலாரம் வைத்துக் கழற்றுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது எந்த வகைக்கும் வேண்டாம். மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடவும் கூடாது.

விளையாடி முடித்ததும் காரின் சுவிட்சை அணைக்கப் பழக்குங்கள். ஆன் செய்தபடியே அலமாரியில் கிடந்தால் பேட்டரி அடிமட்டம் வரை வடிந்து, பிறகு சார்ஜே ஏறாமல் போகும். உப்பிப்போன பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், மறுபடி சார்ஜ் போடவும் வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

12. நின்றுபோனால் எதை முதலில் பார்ப்பது

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ரிமோட்டின் செல்லை மாற்றுங்கள். ரிமோட் விளக்கு எரிந்தாலும் செல் பலவீனமாக இருக்கலாம், கார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஓடினால் அதுதான். பிறகு மறுபடி இணைத்துப் பாருங்கள். அப்புறம் பேட்டரி பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றவில்லை, அல்லது கார் வட்டமே போடுகிறது என்றால் அச்சைப் பாருங்கள். தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். நீண்ட கூந்தல் உள்ள வீட்டில் இது நிச்சயம் நடக்கும். சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, புருவம் பிடுங்கும் இடுக்கியால் இழுத்து எடுங்கள். சக்கரம் மாட்டிய நிலையில் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறிக் கருகும். சக்கரம் நின்றால் விரலை எடுக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்றால் பல்சக்கரத்தின் பல் உடைந்திருக்கும். பேட்டரியும் மற்ற மோட்டாரும் நன்றாக இருந்தால் பொம்மை ரிப்பேர் செய்பவரிடம் விசாரித்துப் பார்க்கலாம். மலிவான காரென்றால் கூலியே கார் விலையை நெருங்கிவிடும். பேட்டரியையும் சார்ஜ் ஒயரையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி பிளக் உள்ள அடுத்த காரைத் தேடுவது மேல்.